வடிகாலில் சிவந்த கரண்டி

ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் முழு மனதோடு பயப்படுகிற ஒருவர், அந்தப் பயத்தின் பலத்திலேயே மற்ற யாருக்கும் பயப்படாமல் வாழ்ந்துவிட முடியுமா? பயமும் பணிவும் ஒட்டிப் பிறந்தவை என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். பயந்தவர் தலை குனிவார், தலை குனியாதவர் பயமற்றவர் என்பது நம் கணக்கு. எல்லோரும் காந்தக்காரி என்று அழைத்த அந்தப் பெண்ணின் வாழ்க்கை இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. வெடிமருந்தைக் கண்டு அவளுக்கு நடுக்கம். பல வருடங்கள் தினமும் கையாண்ட பிறகும் அந்த நடுக்கம் போகவில்லை, போகவும் அவள் விடவில்லை. ஆனால் மனிதர்களில் அவளைப் பயமுறுத்த ஒருவராலும் முடிந்ததில்லை. கூடப் பிறந்த தம்பியாலும் முடியவில்லை, அவன் அவளுக்கு மேஸ்திரியாக வந்த பிறகும்.

அது ஒரு செம்புச் சுரங்கம். குன்றின் வயிற்றுக்குள் போகிற பாதை, பாதையில் தண்டவாளம், தண்டவாளத்தின் ஓரமாக உள்ளேயிருந்து கசியும் நீரை வெளியே கொண்டுவருகிற வடிகால். வடிகாலைத் தாண்டி, மற்ற கட்டடங்களோடு உறவு வேண்டாம் என்பதுபோல ஒதுங்கி நிற்கும் ஒரு கல் அறை. அதுதான் மருந்து அறை. தரை முழுக்க மரப்பலகை. பலகைகளை இணைத்திருந்தவை மர முளைகள்தான், ஓர் ஆணி கிடையாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். விளக்கு இல்லை, வைக்க இடமும் இல்லை. உயரத்திலிருந்த ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம் போதுமானதாக இருக்கும்வரைதான் வேலை. மேகம் மூடினால் வேலை நிற்கும். வாசலுக்கு எதிரே, ஆள் உயரத்துக்கு மண் அணைத்த ஒரு தடுப்புச் சுவர்.

பாறையில் துளை போடுவது துளைக்காரர்களின் வேலை. அந்தத் துளைக்குள் மருந்துக் குழலை இறக்கி, மரக்கோலால் மெல்ல அழுத்தி, களிமண்ணால் வாயை அடைத்து, திரி கொளுத்திவிட்டு ஓடி வருவது வேட்டுக்காரரின் வேலை. அந்தக் காகிதக் குழல்களில் மருந்தை நிரப்பித் தருவது காந்தக்காரியின் வேலை. 'நிரப்புவது' என்று அங்கே யாரும் சொல்வதில்லை, 'ஊத்துறது' என்பார்கள். தண்ணீரைப் போலவே அது சரியும். ஆனால் தண்ணீரை ஊற்றுகிற மாதிரி ஊற்றக் கூடாது. கரண்டியைக் குழலின் வாய்க்குக் கிட்டத்தட்ட முத்தம் கொடுப்பதுபோலக் கொண்டுபோய், அங்கிருந்து சரிக்க வேண்டும். உயரத்திலிருந்து கொட்டினால் தூசி எழும்பும். அந்தத் தூசி துணியிலும் முடியிலும் உட்கார்ந்துகொண்டு, நாம் மறந்த பிறகு அடுப்படிவரை கூடவே வரும். ஒரு கரண்டி எடுத்ததும் பீப்பாயை மூட வேண்டும். சிந்தியதைக் கையால் தள்ளாமல் இறகால் கூட்டி, வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். கால் கழுவி, வெறுங்காலோடு உள்ளே போக வேண்டும்.

இந்த வேலைக்கு அவள் தானாக வரவில்லை. கல் உடைக்கும் கொட்டகையில் தாதுவைப் பிரித்துக்கொண்டிருந்தவள் அவள். பழைய மருந்துக்காரருக்குக் கை நடுக்கம் வந்து, அவரே சாவியை மேலாளர் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பெண்களுக்குப் புகைக்கும் பழக்கம் இல்லாததால் ஒரு பெண்ணையே போடலாம் என்று மேலாளர் முடிவு செய்தார். கொட்டகையில் இருந்த பெண்களில் பாதிப் பேர் அன்று மாலை இதைச் சொல்லிச் சிரித்தார்கள், சிலர் புகைத்துக்கொண்டே சிரித்தார்கள். இவளைக் கூப்பிட்டுக் கேட்டபோது, பயமாக இருக்கிறது என்றாள். மேலாளர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு அடுத்த பெயரைப் பார்க்கக் குனிந்தார்.

"பயமா இருக்குன்னுதான் சொன்னேன், மாட்டேன்னு சொல்லல. சாவி என்கிட்ட வந்தா வேற ஒருத்தர் கைக்குப் போகக் கூடாது. அதுக்குச் சம்மதமா?"

சம்மதம் கேட்க வந்தவரிடமே சம்மதம் கேட்டவள் என்று அன்றைக்கே பெயர் வாங்கிவிட்டாள்.

உடைந்த ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து எடுத்த வட்டக் காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டி, மருந்து அறையின் வாசல் முளையில் தொங்கவிட்டாள். உள்ளே போகிற எதுவும், யாரும், அந்தக் காந்தத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். காந்தம் மட்டும் உள்ளே போகாது, அதுவும் இரும்புக்குச் சொந்தக்காரன்தானே என்பாள். சட்டைப் பொத்தான், கொண்டை ஊசி, பற்களில் அடைத்த உலோகம் எதையும் விட்டுவைக்க மாட்டாள். ஒருமுறை மேலாளர் அறையைப் பார்வையிட வந்தபோது, அவருடைய இடுப்புவாரில் காந்தம் டக்கென்று ஒட்டியது. அவர் வாரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, காற்சட்டையை ஒரு கையால் பிடித்தபடியே பார்வையிட்டார். பார்வை சீக்கிரம் முடிந்தது.

அவளைப் புத்திசாலி என்று சொல்ல முடியாது. இரும்பு ஏன் ஆபத்து என்று கேட்டால், மருந்து தூங்குகிறது, இரும்பு அதன் காதில் கத்தும் என்பாள். பீப்பாய்க்குள் எங்கேயாவது ஒரு மணல் துணுக்கு இருந்து, அதன்மேல் இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று அவளுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அவள் தன் விளக்கத்தையே விரும்பினாள். அது மட்டுமில்லை. அறைக்குள் உப்புப் பொட்டலம் கொண்டுவரக் கூடாது. வாசலில் நின்று சீட்டி அடிக்கக் கூடாது. இவற்றுக்கு எந்தக் காரணமும் கிடையாது. நல்ல பயத்தையும் வெறும் பயத்தையும் அவள் ஒரே மூட்டையில் கட்டி ஒரே தோளில் சுமந்தாள். பிறகு நடந்ததில் பாதி சிக்கல் இதனால் வந்ததுதான்.

அவள் கணவர் வேட்டுக்காரர். காலையில் வீட்டிலிருந்து ஒன்றாகக் கிளம்புவார்கள். வடிகால் பாலத்தில் பிரிவார்கள். சற்று நேரத்தில் அவர் மருந்து அறை வாசலில் மற்றவர்களோடு நின்று குழல்களுக்குக் காத்திருப்பார். கணவர் என்று ஒரு சலுகையும் இல்லை. அவருடைய பையைத்தான் காந்தம் முதலில் தடவும். அவர் பேச்சு குறைந்தவர். வீட்டில் ஏதாவது வேண்டுமென்றால்கூட வாயால் கேட்காமல், அந்தப் பொருள் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள்தான் எடுத்துக்கொடுத்து, "வாயில என்ன, களிமண் வச்சு அடைச்சிருக்கா?" என்பாள்.

தம்பி துளைக்காரனாகச் சேர்ந்து, குரலாலும் உழைப்பாலும் மேலே வந்து, அந்த வருடம்தான் மேஸ்திரி ஆகியிருந்தான். வீட்டுக்கு வந்தால் அக்கா தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிறவன். சுரங்கத்தில் பார்த்தால் தொண்டையைக் கனைத்துக்கொள்வான். அவளும் வீட்டில் 'டேய்' என்பாள், வேலையிடத்தில் 'மேஸ்திரி' என்பாள். அந்த 'மேஸ்திரி'யில் இருந்த மரியாதையைக் கேட்டால் 'டேய்' எவ்வளவோ மேல் என்று அவனே ஒருமுறை மாமாவிடம், அதாவது அவள் கணவரிடம், குறைப்பட்டிருக்கிறான். அந்த மாதம் தாது குறைவாக வந்திருந்தது. இப்படியே போனால் திரும்பத் துளைக் கருவியைத் தூக்க வேண்டியதுதான் என்று மேலாளர் அவனிடம் சொல்லியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் செப்புக் கரண்டி கிழிந்தது. பழைய மருந்துக்காரர் காலத்துக் கரண்டி, தேய்ந்து தேய்ந்து காகிதம்போல ஆகி, அடியில் விரிசல் விட்டுவிட்டது. அள்ளிக்கொண்டு நடந்தால் பலகையில் கறுப்புக் கோடு ஒன்று கூடவே வந்தது. புதுக் கரண்டி வேண்டும் என்று அவள் தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். செம்பு வேலை செய்கிறவர் தூரத்து ஊரில் இருக்கிறார், ஆள் அனுப்புகிறேன் என்று அவனும் சொல்லிக்கொண்டே இருந்தான். செம்பு தோண்டுகிற இடத்தில் ஒரு செப்புக் கரண்டிக்குப் பஞ்சமா என்று கொட்டகைப் பெண்கள் கேலி செய்தார்கள். அவள் கணவர் மாலைகளில் பின்கட்டில் உட்கார்ந்து ஒரு மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, சும்மா என்றார்.

அந்தச் சுரங்கத்தின் வடிகால் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. தாதுவைக் கரைத்துக்கொண்டு வருவதால், அதில் ஒரு இரும்புத் துண்டைப் போட்டு வைத்தால் கொஞ்ச நாளில் செம்பின் நிறம் ஏறிவிடும். மேலே ஒரு செம்புத் தோல் படியும், உள்ளே இரும்பு இரும்பாகவே இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் வடிகாலில் ஊறிய ஆணியைக் கொடுத்துச் செம்பு என்று ஏமாற்றுவது அங்கே வழக்கமான விளையாட்டு. ஏமாந்தவருக்கு 'வடிகால் மாப்பிள்ளை' என்று பட்டம். அனுபவசாலி யாரும் அந்தப் பட்டம் வாங்கியதில்லை.

அன்று காலை வாசலில் எல்லோரும் காத்திருந்தபோது மேஸ்திரி ஒரு கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி வந்தான். நல்ல சிவப்பு. புதிதாகச் செதுக்கிய மரக் கைப்பிடி, ஆணி இல்லாமல் மர முளையால் பொருத்தியது.

"இந்தா, உன் கரண்டி. யாரு செஞ்சதுன்னு நினைக்கிற? மாமாதான். உன்கிட்ட நேரா குடுக்க வெக்கமாம், என்கிட்ட குடுத்து அனுப்புறாரு."

ஆண்கள் சிரித்தார்கள். வேட்டுக்காரர் தன் பையின் வாரைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார். பழைய மருந்துக்காரர் எப்போதோ ஒரு செப்புக் கரண்டியை வடிகாலில் தவறவிட்டதாக ஒரு கதை உண்டு. சேற்றை வாரியபோது கைப்பிடி இல்லாத ஒரு கரண்டி சிவப்பாக வேட்டுக்காரர் கையில் தட்டுப்பட்டதும், அந்தக் கரண்டிதான் இது என்று நம்பிவிட்டார். நம்ப ஆசைப்படும்போது எவ்வளவு அனுபவம் இருந்தும் பயனில்லை. தேய்த்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை, எண்ணெய் போட்டுத் துடைத்ததோடு சரி.

காந்தக்காரி கரண்டியை வாங்கினாள். கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்ததாக அங்கிருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். பிறகு வழக்கம்போலக் கயிற்றை எட்டிப் பிடித்தாள். காந்தம் கரண்டியில் போய் ஒட்டிக்கொண்டது.

'பீரங்கி' என்று பெயர் பெற்ற துளைக்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான். அவன் தூங்கும்போது மட்டும்தான் தணிந்த குரலில் பேசுவான் என்று அவன் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

"அண்ணே, இத்தனை வருஷம் கழிச்சு வடிகால் மாப்பிள்ளை ஆயிட்டீங்களே!"

சிரிப்பு தடுப்புச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. வேட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. அவள் சிரிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கிற முகத்தைக் காட்டவும் இல்லை. கரண்டியை வாசலுக்கு வெளியே தரையில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். வேறு கரண்டி வரும்வரை ஊற்ற முடியாது, மரக்கிடங்குத் தச்சரிடம் மரத்தில் ஒன்று செதுக்கித் தரச் சொல்லி ஆள் அனுப்புகிறேன் என்றாள், அனுப்பியும்விட்டாள்.

உள்ளே துளைகள் தயாராக இருந்தன. வேட்டு இல்லையென்றால் கல் இல்லை, கல் இல்லையென்றால் அன்றைக்கு ஒருவருக்கும் கூலி இல்லை. சிரிப்பு நின்றது. மேஸ்திரி கரண்டியை எடுத்து அதன் சிவப்பை அவளுக்குக் காட்டினான். மருந்தைத் தொடப்போவது மேலே இருக்கிற செம்புதானே, உள்ளே என்ன இருந்தால் என்ன என்று கேட்டான். கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒன்றும் ஆகாது என்று பீரங்கி கத்தினான். தோல் எத்தனை நாள் தாங்கும் என்று அவள் கேட்டாள். இன்றைக்கு ஒருநாள் தாங்கும் என்றான் அவன். மரக்கரண்டி மத்தியானத்துக்குள் வந்துவிடும், அதுவரை பொறுக்க வேண்டும் என்றாள். அவன் சம்மதித்திருக்கலாம். ஆனால் பின்னால் அத்தனை பேர் நின்றிருந்தார்கள். ஆரம்பத்திலேயே அக்காவுக்கு அடங்கினவன் என்று பெயர் வந்தால் அதை எந்த வடிகாலில் ஊறவைத்தாலும் நிறம் மாறாது.

"உப்பு கொண்டுவரக் கூடாதுங்கிற. சீட்டி அடிக்கக் கூடாதுங்கிற. உப்புக்கும் வேட்டுக்கும் என்ன சம்பந்தம், சொல்லு? இதுவும் அந்த மாதிரி ஒரு கிறுக்குதான். வீட்ல நீ அக்கா. இங்க நான் மேஸ்திரி. ஊத்துன்னா ஊத்தணும்."

"முடியாதுங்க மேஸ்திரி."

"அப்ப சாவியைக் குடு. ஊத்துறவனை நான் பாத்துக்கறேன்."

சாவி அவள் இடுப்பில் இருந்தது. இரும்பு வேண்டாம் என்று பித்தளையில் செய்யச்சொன்ன சாவி.

"வேணும்னா நீயே எடுத்துக்க," என்றாள். அன்று முதல்தடவையாக வேலையிடத்தில் அவனை 'நீ' என்றாள்.

அவன் கை கொஞ்சம் முன்னே வந்து நின்றுவிட்டது. அக்காவின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்குகிற தம்பியாக அத்தனை பேர் முன்னால் ஆக அவனால் முடியவில்லை. பின்வாங்கவும் முடியவில்லை. அவனுடைய சங்கடத்தை அவள் பார்த்தாள். அதற்காக விட்டுக்கொடுக்கவில்லை, வேறொன்று செய்தாள். தானே சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

"வா. ஒன்னும் ஆகாதுன்னு உனக்கு அவ்வளவு தெரியும்னா நீயே ஊத்து. நானும் உள்ளதான் நிப்பேன். உன் பக்கத்துலயே."

மேஸ்திரி காலணியைக் கழற்றினான். தொட்டியில் கால் கழுவினான். பையிலிருந்தவற்றை வெளியே வைத்தான். அதெல்லாம் அவனுக்குப் பழக்கம்தான். அந்த இடைவெளியில், யாரும் சொல்லாமலே, கூட்டம் நகர ஆரம்பித்தது. ஏதோ நிழலுக்கு ஒதுங்குவதுபோல முதலில் ஒருவன், அவன் பின்னால் இன்னும் சிலர். பீரங்கி மட்டும் நடிக்கவில்லை. திரும்பினான், ஓடினான், தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய்க் குந்திக் காதைப் பொத்திக்கொண்டான். ஒன்றும் ஆகாது என்று அவன்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தியிருந்தான். கொஞ்ச நேரத்தில் வாசலில் மீதியிருந்தது வேட்டுக்காரர் ஒருவர்தான். அவர் உள்ளே போகவில்லை, விலகவும் இல்லை.

பிறகு நடந்ததை அவர் வாய்மொழியாகத்தான் மற்றவர்கள் தெரிந்துகொண்டார்கள். அவர் சொன்னது மிகக் குறைவு. மேஸ்திரி பீப்பாயைத் திறந்தான். கரண்டியை உள்ளே விட்டான். அவள் கையைக் கட்டிக்கொண்டு அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். அவளுடைய முழங்கால் நடுங்கியது துணிக்கு வெளியே தெரிந்தது. அவன் அள்ளினான். குழலின் வாய்க்கு வெகு அருகே கொண்டுபோனான், அக்கா எப்படி ஊற்றுவாளோ அப்படியே. மருந்து சரிந்தது. குழல் நிரம்பியது.

ஒன்றும் ஆகவில்லை.

அவன் குழலும் கரண்டியுமாக வெளியே வந்தபோது முதுகுப் பக்கம் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சுவருக்குப் பின்னாலிருந்து தலைகள் எழுந்தன. யாரோ கை தட்டினார்கள். "பாத்தியா?" என்றான் மேஸ்திரி.

இதுபோன்ற கதைகளில் இந்த இடத்தில் அறை வெடித்திருக்க வேண்டும், அவள் சொன்னது நிரூபணமாகியிருக்க வேண்டும். வாழ்க்கை அப்படி உதவி செய்வதில்லை. அன்றைக்குக் கண்ணால் பார்த்த சாட்சியம் முழுக்க மேஸ்திரியின் பக்கம் இருந்தது. அவள் பக்கம் இருந்தது அவளுடைய நடுக்கம் ஒன்றுதான்.

"பாத்தேன்," என்றாள். "ஒன்னும் ஆகல. சரி, இன்னொரு குழல் ஊத்து."

அவன் கையிலிருந்த குழலைப் பார்த்தான்.

"இன்னிக்கு நிறைய குழல் வேணும். ஊத்து. நாளைக்கும் வந்து ஊத்து. தினமும் ஊத்து. செம்பு என்னிக்கு உரியுதோ அன்னிக்கும் நீயே ஊத்து. நான் தினமும் பக்கத்துல நிக்கறேன். எனக்கென்ன?"

அவன் திறந்த கதவைப் பார்த்தான். எல்லோரும் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் நகரவில்லை. ஒருமுறை உள்ளே போக அவனுக்கு வீம்பு போதுமானதாக இருந்தது. இரண்டாம் முறைக்கு வேறு ஏதோ தேவைப்பட்டது, அது அவனிடம் இல்லை. அவனைக் கோழை என்று சொல்ல நான் தயாராக இல்லை. முதல்முறை போனவன் வேறு ஆள், உள்ளே நின்று பார்த்துவிட்டு வந்தவன் வேறு ஆள்.

வேட்டுக்காரர் நடந்து வந்து மச்சானின் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். வடிகால் ஓரம் போய் உட்கார்ந்து, ஒரு கல்லை எடுத்துக் கரண்டியின் விளிம்பைத் தேய்த்தார். சிவப்பு போனது. உள்ளிருந்து சாம்பல் நிறம் வெளியே வந்தது. அதைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார்.

"ஏமாந்தது நான். நான் ஏமாந்ததுக்கு அவ எதுக்கு ஊத்தணும்?"

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

தச்சர் மரக்கரண்டியோடு வந்து சேர்ந்தபோது சண்டை ஓய்ந்து எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அதை வாங்கி, காந்தத்தால் தடவ ஆரம்பித்தாள். தச்சருக்கு வந்ததே கோபம்.

"மரத்துக்குமா?"

"மரத்துக்கும்தான். உள்ள பழைய ஆணி இருந்தா உங்களுக்குத் தெரியுமா?"

காந்தம் ஒட்டவில்லை. அவள் கால் கழுவினாள். உள்ளே போவதற்கு முன் தம்பி நிரப்பிய குழலைக் கேட்டு வாங்கி, அதன் வாயைப் பிரித்து, மருந்து முழுவதையும் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினாள். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அந்த மருந்தில் எந்தக் குற்றமும் இல்லை. இரும்புக் கரண்டி தொட்டதால் மருந்து கெட்டுப்போகாது. உப்புப் பொட்டலத்தைப் போலத்தான் இதுவும், காரணமில்லாத ஒரு பிடிவாதம். வென்ற பிறகு அது தேவையுமில்லை. தம்பி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று அவன் மனதில் நின்றது மற்றதெல்லாம் இல்லை, தன் குழல் தண்ணீரில் கறுப்பாகக் கரைந்ததுதான் என்று பிற்பாடு ஒருவரிடம் சொல்லியிருக்கிறான்.

பிற்பகலில் வேட்டு போட்டார்கள். தாமதமான கல், குறைந்த கூலி. வீடு திரும்பும்போது வேட்டுக்காரர் அவளுக்கு முன்னால் நடந்தார். சிவப்பும் சாம்பலுமாக இருந்த கரண்டியை அவர் வடிகால் ஓரத்திலேயே போட்டுவிட்டு வந்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது அவள் கையில் இருப்பதைப் பார்த்தார். சமையலறைச் சுவரில் அதை மாட்டினாள்.

"எல்லார் முன்னாடியும் காந்தத்தை வைக்கணுமா?" என்று கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் கேட்டார்.

"வாசல்ல வந்த பொருளை வாசல்லதான் பாக்கணும்."

"வீட்ல குடுத்திருந்தா?"

"வீட்லயும் ஒட்டியிருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "கைப்பிடி நல்லா இருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகும் சில நாட்கள் அவர் அவளோடு பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதற்கும் கோபமாக இருப்பதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அவளால் முடிந்ததா என்று தெரியவில்லை. அவள் கேட்கவில்லை. தானியம் அள்ள அந்தக் கரண்டியைத்தான் உபயோகித்தாள்.

சுரங்கத்தில் பல விஷயங்கள் மாறின. காந்தத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. துளைக்காரர்கள் வரிசைக்கு வருவதற்கு முன்பே பைகளைத் தாங்களாகவே காலி செய்து வைத்தார்கள். மருந்து அறை விஷயத்தில் யாரும் தலையிட வேண்டாம் என்று மேலாளர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். தாது எப்படியோ கூடியது, தம்பியின் வேலையும் தப்பியது. அவன் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் அவள் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். தனக்கென்று ஒரு தட்டு கேட்டான்.

பிறகு ஒருநாள் தூரத்து ஊரிலிருந்து புதுச் செப்புக் கரண்டி வந்தது. கனமானது, மடிப்பு இல்லாமல் ஒரே தகட்டில் அடித்தது. தம்பி அதைத் துணியில் சுற்றித் தானே எடுத்துக்கொண்டு வந்தான். வாசலில் அன்றைக்கும் எல்லோரும் இருந்தார்கள். அவள் காந்தத்தை வைத்துப் பார்த்தாள். உள்பக்கம், வெளிப்பக்கம், விளிம்பு, கைப்பிடி சேருமிடம். ஒட்டவில்லை. விரலால் சுண்டிப் பார்த்தாள்.

"நல்ல கரண்டி," என்றாள். அவள் ஒரு பொருளைப் பாராட்டி அவர்கள் கேட்டது அபூர்வம்.

"இனிமே இது உன் ராஜ்ஜியம்க்கா," என்றான் தம்பி. வேலையிடத்தில் அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. "யாரும் கேக்க மாட்டாங்க. நானும் கேக்க மாட்டேன்."

அன்று முழுவதும் அவள் புதுக் கரண்டியால் ஊற்றினாள். ஜன்னல் வெளிச்சம் குறைந்ததும் பலகையை இறகால் கூட்டினாள். கரண்டியை அதன் முளையில் மாட்டினாள். கதவைப் பூட்டினாள். காந்தத்தைக் கயிற்றோடு அவிழ்த்து எடுத்துக்கொண்டு, துளைக் கருவிகளைக் கழுவுகிற இடத்துக்குப் போனாள். பீரங்கி அங்கே தனியாக நின்று, வேறு யாரும் இல்லாததால் தனக்குத் தானே கத்திப் பேசிக்கொண்டிருந்தான்.

அவள் சாவியையும் காந்தத்தையும் அவன் கையில் வைத்தாள்.

"என்ன அண்ணி இது?"

"மேலாளர்கிட்ட சொல்லிட்டேன். நாளைலேர்ந்து நீ."

"நானா? அன்னிக்கு நான்தான் அண்ணி முதல்ல ஓடினேன்."

"தெரியும்," என்றாள்.

பலர் பல காரணம் சொன்னார்கள். தம்பி இரங்கிக் கொடுத்ததை வாங்கிக்கொள்ள மனமில்லை என்றார்கள் சிலர். கணவரின் மானத்துக்காக என்றார்கள் வேறு சிலர். நடுக்கம் கைக்கு ஏறிவிட்டது, வெளியே சொல்லவில்லை என்றார் பழைய மருந்துக்காரர், தன் அனுபவத்தை வைத்து. தம்பி அவள் வீட்டுக்கே போய், பிடிவாதமாக, பலமுறை கேட்டான். மேலாளரும் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டார். வேட்டுக்காரர் மட்டும் கேட்கவில்லை. யாருக்கும் அவள் பதில் சொல்லவில்லை. உப்பு உள்ளே வரக் கூடாது என்ற விதியைப் பீரங்கி அப்படியே காப்பாற்றினான். வாசலில் அவன் குரலும் தணிந்துபோனது.

மறுநாள் காலை அவள் வடிகால் பாலத்தில் கணவரைப் பிரிந்து, மருந்து அறைப் பக்கம் திரும்பாமல், கல் உடைக்கும் கொட்டகைக்குப் போனாள். பழைய இடத்தைக் கேட்டாள். பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். இரும்புச் சுத்தியல். அவள் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து நிறுத்தி, ஓங்கி அடித்தாள். பொறி பறந்தது. அடுத்த கல்லை எடுத்தாள்.